தனியாள் செய்திச் சேமிப்பும் நம்பகத்தன்மையும்: காகித நறுக்கு முதல் இணையப் பக்கம் வரை

ஆய்வுச்சுருக்கம்

நேற்றைய செய்தியை இன்றைய ஆய்வாளர் எங்கிருந்து பெறுகிறார், பெற்றதை எதனைக் கொண்டு நம்புகிறார் என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நிறுவனங்கள் காக்கத் தவறிய செய்திகளைத் தனியாட்கள் காத்த வரலாற்றை ரோஜா முத்தையா, மேரியன் ஸ்டோக்ஸ் ஆகியோரின் சேமிப்புகள்வழி இக்கட்டுரை நோக்குகிறது. அதன் தொடர்ச்சியாக, இணையச் செய்திப் பக்கங்களைச் சேமிப்பதில் எழும் நாள், நேரம், எழுத்துரு, மூலம் ஆகியன சார்ந்த சிக்கல்களை ஆராய்கிறது. செய்தியின் நம்பகத்தன்மை அதன் உள்ளிருந்து மட்டும் அறியத்தக்கதன்று; அதனோடு சேர்த்துக் காக்கப்பட்ட சூழலும் அதனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: செய்தி ஆவணம், தனியாள் சேமிப்பு, இணைய ஆவணகம், எழுத்துருக் குறியேற்றம், பக்கவாட்டு வாசிப்பு, மூலத்திறனாய்வு

முன்னுரை

தமிழகச் சமூக வரலாற்றை எழுதுவோர்க்குச் செய்தித்தாள் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. ஆயினும் அச்சான்று முழுமையாகக் கிடைப்பது அரிது. 1882இல் தொடங்கப்பட்ட சுதேசமித்திரன், பாரதியின் எழுத்தைத் தாங்கி 1906 முதல் வெளிவந்த இந்தியா போன்ற புகழ்பெற்ற இதழ்களுக்கே இந்நிலை. சில காலம் வெளிவந்து நின்றுபோன இதழ்கள் பலவற்றின் உள்ளடக்கத்தை, ஆங்கில அரசு தன் பார்வைக்காக மொழிபெயர்த்துச் சுருக்கிய சுதேசி இதழ் அறிக்கைகளின் வாயிலாகவே இன்று அறிய முடிகிறது. அவ்வறிக்கைகள் எவற்றைத் தேர்ந்தெடுத்தன? ஆட்சியைப் பற்றிப் பேசிய செய்திகளையும், ஆட்சியாளர் ஐயுற்ற செய்திகளையுமே பெரிதும் தேர்ந்தெடுத்தன. ஐயம் கொண்டவன் எடுத்த குறிப்பு ஆவணமாக எஞ்ச, ஐயுறப்பட்டவனின் இதழ் மறைந்தது. தமிழ் இதழியல் வரலாற்றில் செய்தியைக் காத்தல், செய்தியை ஐயுறுதல் என்னும் இரண்டும் தொடக்கத்திலேயே ஒரே கோப்பில் இருந்தன எனலாம்.

விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டமும், 1956இல் அதில் நாளிதழ்களைச் சேர்த்த திருத்தமும் அச்சிட்ட படிகளை நூலகங்களுக்குக் கொண்டுவந்தன. கன்னிமாரா நூலகத்தின் இதழ்த் தொகுதிகளைப் புரட்டாத தமிழாய்வாளர் குறைவு. ஆனால் அச்சேறாமல் இணையத்தில் மட்டும் வெளிவரும் செய்தி இவ்வேற்பாட்டின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. இன்று தமிழில் வெளிவரும் செய்திகளில் பெரும்பகுதி அத்தகையது.

அதன் அழிவு வேகமும் வேறு. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குப் பின் அணுக இயலாதவையாகிவிட்டன. அதற்கும் முன்னர் ஹார்வர்டு சட்டப்பள்ளியைச் சார்ந்தோர் செய்த ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளுள் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்பது தெரியவந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்புக்கே இக்கதி எனில், முகவரியையும் ‘பார்த்த நாளையும்’ மட்டும் குறித்துவிட்டு அமையும் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டின் நிலை குறித்துக் கவலை கொள்ளாதிருக்க இயலாது. பார்த்த நாள் என்பது ஆய்வாளர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் சான்றிதழ். படிப்பவர்க்கு அதனால் பயன் சிறிதே.

நறுக்கும் தொகுப்பும்

தமிழில் தனியாள் சேமிப்புக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், 1992இல் மறையும்போது விட்டுச்சென்றவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள். நூல்கள், இதழ்கள் மட்டுமல்லாது நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், செய்தித்தாள் நறுக்கு ஆகியனவும் அவற்றுள் அடங்கும். சிகாகோ பல்கலைக்கழகம் இத்தொகுப்பை வாங்கி, தமிழகத்திலேயே இருக்கச் செய்ததன் விளைவாக 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. கற்றறிந்தோர் குப்பை எனத் தள்ளியவற்றைக் கலைஞர் ஒருவர் எடுத்து வைத்தார். பின்னர்க் கற்றறிந்தோர் அவற்றைத் தேடிச் சென்றனர்.

நறுக்கு என்பது தேர்வின் வடிவம். கத்தரிக்கோல் ஒரு செய்தியை எடுக்கும்போது அதன் அண்டையில் இருந்தவற்றை விட்டுவிடுகிறது. அச்செய்தி முதற்பக்கத்தில் வந்ததா, விளம்பரத்தின் கீழ் ஒதுக்கப்பட்டதா, மறுநாள் அதற்குத் திருத்தம் வந்ததா என்பன நறுக்கில் தெரியா. நாளும் இதழின் பெயரும் ஓரத்தில் எழுதப்படாத நறுக்கு பாதிச் சான்றே ஆகும். இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டாகச் சீனி. விசுவநாதனின் உழைப்பைக் கூறலாம். பாரதி படைப்புகளை அவர் காலவரிசையில் 23 தொகுதிகளாகப் பதிப்பிக்க இயன்றமைக்கு, எழுத்து எந்த இதழில் எந்த நாளில் வந்தது என்னும் தகவலைப் பல்லாண்டுகள் விடாது தேடிச் சேர்த்தமையே அடிப்படை. படைப்பின் பாடத்துக்கு இணையாக அதன் நாளுக்கும் மதிப்புத் தந்த பதிப்பு அது.

இன்றைய திரைப்பிடிப்பு, கத்தரிக்கோலின் நேர்வாரிசு. கைப்பேசித் திரையைப் படமெடுத்து வைப்பவர் செய்தியை எடுத்துவிட்டு முகவரியையும் நேரத்தையும் விட்டுவிடுகிறார். காகித நறுக்கிலாவது எழுத்துவடிவமும் தாளின் பழுப்பும் பின்பக்க அச்சும் எஞ்சி, இதழைக் கண்டறியத் துணைபுரியும். திரைப்பிடிப்புக்குப் பின்பக்கம் இல்லை.

தேர்வின்றிச் சேமித்தல்

தேர்வே செய்யாமல் எல்லாவற்றையும் காப்பது மற்றொரு வழி. அவ்வழியில் சென்றவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ். 1929இல் பிறந்த இவர் நூலகராகப் பணியாற்றியவர். பின்னர் உள்ளூர்த் தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சி ஒன்றின் தயாரிப்பிலும் பங்கேற்றவர். 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட நிகழ்வையொட்டி அவர் தொலைக்காட்சிச் செய்திகளை இடைவிடாது பதிவுசெய்யத் தொடங்கினார். 1980 சூன் மாதம் சி.என்.என். தொடங்கி இருபத்துநான்கு மணிநேரச் செய்தி வழக்கத்துக்கு வந்தபோது பதிவும் இருபத்துநான்கு மணிநேரம் ஆயிற்று. ஒரே வேளையில் எட்டுப் பதிவுப் பொறிகள்வரை இயங்கின. ஒரு நாடாப் பேழை ஆறு மணிநேரம் ஓடும் என்பதால் வீட்டாரின் வெளிப்பயணமும் உணவு வேளையும் பேழை மாற்றும் நேரத்தை ஒட்டியே அமைந்தன. 2012 டிசம்பர் 14இல் அவர் இறந்தபோது எஞ்சியவை ஏறத்தாழ 70,000 பேழைகள். 2013இல் அவை இணைய ஆவணகத்துக்கு அளிக்கப்பட்டன.

அவர் அவ்வாறு செய்ததன் காரணம் செய்தியின்மீது கொண்ட பற்றன்று, ஐயம். ஒரே நிகழ்வு முதல் மணியில் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் சொல்லப்படுவதை அவர் கவனித்தார்; அம்மாற்றத்தைக் காட்ட வேண்டுமெனில் இரண்டும் கையில் இருக்க வேண்டும். இவருக்குப் பதினோராண்டு முன்னரே, 1968 ஆகஸ்டில், நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மூன்று தேசியத் தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது. அதற்கு வித்திட்டவரும் ஆய்வாளர் அல்லர்; காப்பீட்டுத் துறையைச் சார்ந்த பால் சிம்ப்சன். தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் செய்திப் பதிவுகளை இரண்டு வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பதை அறிந்து அவர் வியப்புற்றார். செய்தியின் சார்பு குறித்த அவரது மனக்குறையே அம்முயற்சியின் தோற்றுவாய். சி.பி.எஸ். நிறுவனம் 1973இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் செய்தி ஒளிபரப்பைப் பதிந்து வைக்க நூலகங்களுக்கு விலக்களித்தபின் வழக்கு கைவிடப்பட்டது.

ஐயுற்றவரே சேமித்தார் என்பதைச் சுதேசி இதழ் அறிக்கைகளோடு ஒப்பிடுக. வேறுபாடு ஒன்றுண்டு. அரசின் மொழிபெயர்ப்பாளர் தம் ஐயத்துக்குரியதை மட்டும் எடுத்தார்; ஸ்டோக்ஸ் விளம்பரங்களையும் சேர்த்தே எடுத்தார். ஆதலால் முன்னதில் தொகுத்தவரின் மனம் சான்றின்மீது படிந்துள்ளது. பின்னதில் அது பேழையின் முதுகில் எழுதிய குறிப்போடு நின்றுவிடுகிறது.

இணையப் பக்கத்தின் நாள்

இணையத்தைத் தேர்வின்றிச் சேமிக்கும் பணியை 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணகம் செய்துவருகிறது. அதன் ‘வேபேக் மெஷின்’ 2001இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தமிழாய்வாளரும் இன்று இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் அதன் பிடிப்பை எவ்வாறு வாசிப்பது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

முதலாவது நேரம். ஒவ்வொரு பிடிப்பின் முகவரியிலும் பதினான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என அது விரியும். இந்நேரம் உலகப் பொதுநேரம். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. எடுத்துக்காட்டாக 20100615193000 எனும் எண்ணைக் கண்டு சூன் 15 எனக் குறித்தால் பிழை. இந்தியாவில் அப்போது சூன் 16, பின்னிரவு ஒரு மணி. செய்தி முதலில் எப்போது வெளிவந்தது என்பதே வழக்காக இருக்கும் ஆய்வில் இவ்வொரு நாள் பெரிது. மேலும் ஒரே பக்கத்தில் காணும் எழுத்தும் படமும் வெவ்வேறு நாள்களில் பிடிக்கப்பட்டவையாக இருத்தல் கூடும். பார்ப்பவர்க்கு ஒரே தாளாகத் தோன்றுவது, உண்மையில் ஒட்டுத்தாள்.

இரண்டாவது, பிடிப்பு எதனை நிறுவுகிறது என்பது. 2014 சூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் மலேசிய விமானம் எம்.எச். 17 வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அன்று, பிரிவினைவாதத் தளபதி ஒருவரின் பெயர் தாங்கிய ‘விகான்டாக்டே’ சமூக ஊடகப் பக்கத்தில், தங்கள் தரப்பினர் அன்டோனோவ் சரக்கு விமானம் ஒன்றை வீழ்த்தியதாக ஒரு குறிப்பு வெளிவந்தது, விரைவில் நீக்கவும்பட்டது. அதற்குள் இணைய ஆவணகம் அப்பக்கத்தைப் பிடித்துவிட்டது. இணையச் சேமிப்பின் பயனுக்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று இது அடிக்கடி சுட்டப்படுகிறது. அது சரியே. ஆனால் அப்பக்கம் தளபதியால் நேரே நடத்தப்பட்டதன்று, ஆதரவாளர்களால் நடத்தப்பட்டது என்ற மறுப்பும் உடன் எழுந்தது. பிடிப்பு நிறுவுவது, குறித்த நேரத்தில் குறித்த முகவரியில் அச்சொற்கள் இருந்தன என்பதை மட்டுமே. எழுதியவர் யார், எழுதியது உண்மையா என்பன தனி வினாக்கள். கல்வெட்டு போலி அன்று என நிறுவுவதும், அதில் கூறப்பட்ட போர்வெற்றி உண்மை என நிறுவுவதும் வேறு வேறு என்பதை அறிந்த தமிழ் வரலாற்று மாணவர்க்கு இது புதிதன்று.

பொது ஆவணகத்தை மட்டும் நம்பியிருத்தலும் இடர் உடையது. 2024 அக்டோபரில் இணைய ஆவணகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள்கள் முடங்கியது. தளத்தின் உரிமையாளர் வேண்டினால் பழைய பிடிப்புகள் பார்வையிலிருந்து விலக்கப்படுவதும் உண்டு. ஆதலின் ஆய்வாளர் தம் கையிலும் ஒரு படி வைத்திருத்தல் தேவை. பக்கத்தைப் படமாக அன்றி, வழங்கி அனுப்பிய தலைப்புத் தகவல்களோடு சேர்த்து வைக்கும் ‘வார்க்’ வடிவம் 2009இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அவ்வடிவில் தனியாளே சேமிக்க உதவும் வெப்ரெக்கார்டர் போன்ற கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தம் படியைத் தாமே திருத்தவில்லை என்பதற்கு என்ன சான்று? கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பு இதற்கு உதவும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் இம்மதிப்பு முற்றிலும் மாறிவிடும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழில் இம்மதிப்பைக் குறிக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் கேட்பதை ஆய்வுலகம் இன்னும் கேட்கவில்லை.

எழுத்துருவின் சிதைவு

தமிழ் இணையச் செய்திகளுக்கே உரிய சிக்கல் ஒன்று தனியே விரித்துரைக்கத்தக்கது. யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. விண்டோஸ் 2000 வந்தபின்னரே பொதுக் கணினிகளில் அது இயல்பாகத் தெரிந்தது. இடைக்காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் தமிழ்ச் செய்தித் தளங்கள் தத்தம் எழுத்துருக்களையே பயன்படுத்தின. டிஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் எனக் குறியேற்றங்கள் பலவாயின. 2010இல்தான் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது.

அக்காலப் பக்கங்களில் கணினி அறிந்தது தமிழ் எழுத்தையன்று. உரோமன் எழுத்துகளையும் குறிகளையும் கொண்ட வரிசைமீது தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருந்தது. போர்வையாகிய எழுத்துரு இல்லையெனில் எஞ்சுவது பொருளற்ற குறிக்கூட்டம். பக்கத்துடன் தானே இறங்கிய இயங்கு எழுத்துருக்களோ பழைய உலாவிகளில் மட்டும் வேலை செய்தவை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022இல் ஓய்வு பெற்றதுடன் அவ்வழியும் அடைபட்டது. ஆகவே 2001இல் ஒருவர் பொறுப்புடன் சேமித்த தமிழ்ச் செய்தி, கோப்பு சிதையாமல் இருந்தும் படிக்க இயலாமல் போகிறது. தேடுபொறிக்கும் அது அகப்படாது. ஓலை செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும்; இச்சிதைவு கோப்பைத் திறக்கும்வரை தெரியாது.

சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் இப்பக்கங்களை யுனிகோடுக்கு மாற்றித் தருகின்றன. அவை ஆற்றிய பணி பெரிது. ஆயினும் மாற்றமும் ஒரு படியெடுப்பே. பழைய குறியேற்றங்களில் கொம்பு, மெய்க்கு முன் நின்றது. யுனிகோடில் பின் வருகிறது. ஔகாரத்தின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே வடிவமாதலின், எது எது என மாற்றி ஊகிக்க வேண்டியிருந்தது. மௌனம் என்பது கொம்பும் மகரமும் ளகரமுமாகப் பிரிந்து ‘மெளனம்’ என இணையமெங்கும் உலவுவதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சொல்லை யுனிகோடில் தேடுவோர்க்குப் பாதிச் செய்திகள் கிட்டுவதில்லை. ஏட்டுச்சுவடியில் புள்ளியும் நெடிற்கொம்பும் இல்லாமையால் பதிப்பாசிரியர் பட்ட இடர்ப்பாடு இங்கு வேறு உருவில் மீள்கிறது. பதிப்பாசிரியர் ஏட்டைக் கைவிடாதவாறே, ஆய்வாளரும் மூலக் கோப்பு, எழுத்துருக் கோப்பு, மாற்றிய படி ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்திருத்தல் வேண்டும்.

பக்கத்தை விட்டு வெளியேறுதல்

சேமித்தவற்றுள் எது நம்பத்தக்கது? மூலத்திறனாய்வில் பயின்ற வரலாற்றாசிரியர்க்கு இது எளிது எனத் தோன்றலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தைக் குலைக்கிறது. முனைவர்ப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் பதின்மர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர் பதின்மர், இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைத் தந்து மதிப்பிடச் செய்தனர். அவற்றுள் ஒன்று, 1930இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பேரவையின் பக்கத்தையும், 2002இல் கொள்கை வேறுபாட்டால் பிரிந்த, பெயரில் ஒத்த சிறு அமைப்பு ஒன்றின் பக்கத்தையும் ஒப்பிடுவது. சரிபார்ப்பாளர் அனைவரும் சரியாகக் கணித்தனர். மாணவர் பலரும் தவறினர். வரலாற்றாசிரியர் பலர் தடுமாறினர்.

காரணம் வாசிக்கும் முறை. வரலாற்றாசிரியர் பக்கத்தை மேலிருந்து கீழாக ஊன்றிப் படித்தனர்; நடை, மேற்கோள், தோற்றம், சின்னம் ஆகியவற்றை எடைபோட்டனர். சரிபார்ப்பாளர் சில நொடிகளில் பக்கத்தை விட்டு வெளியேறி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் கூறுவனவற்றைத் தேடினர். ஆய்வாளர்கள் இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு எனப் பெயரிட்டனர். ஊன்றிப் படித்தலே புலமை எனப் பயிற்றப்பட்ட தமிழ்த்துறைகளுக்கு இம்முடிவு சற்றுக் கசப்பானது. ஆனால் உரைமரபு இதற்கு அயலன்று. பிற நூல் மேற்கோளின்றி உரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் துணிவதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் (1736-1761) செய்தி வந்த நாளும் வேளையும், அதனைக் கொண்டுவந்தவரும் பல இடங்களில் குறிக்கப்படுகின்றனர். செய்தியின் எடையைக் கொண்டுவந்தவரையும் வைத்து நிறுப்பது துபாஷின் தொழிலறிவு.

இதிலிருந்து சேமிப்புக்கு ஒரு விளைவு உண்டு. சேமித்த பக்கத்தைப் பிற்காலத்தில் பக்கவாட்டில் வாசிக்க வேண்டுமெனில், பக்கவாட்டில் இருந்தவையும் சேமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதே நாளில் பிற தளங்கள் கூறியது, தளத்தின் ‘எங்களைப் பற்றி’ப் பகுதி, பின்னர் வந்த திருத்தம் ஆகியன இன்றித் தனியே நிற்கும் பக்கம், நாளிடாத நறுக்கின் நிலையையே அடையும்.

பொய்யைக் காத்தல்

2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. தொடர்பற்ற நிகழ்வுகளின் காட்சிகள் அவ்வாறு காட்டப்பட்டன என்று தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அலுவலர் குழு ஒன்றைத் தமிழகத்துக்கு அனுப்பியது. தொழிலாளரிடையே அச்சம் பரவி, பலர் ஊர் திரும்ப முற்பட்டனர். வதந்தி பொய், அதனால் விளைந்த அச்சம் மெய்.

இந்நிகழ்வின் வரலாற்றைப் பின்னாளில் எழுதுவோர்க்கு எவை கிடைக்கும்? பொய்ப் பதிவுகள் நீக்கப்படுதல் முறையே. வழக்கும் கைதும் அவ்வாறு நீக்கத் தூண்டும். மறுப்புச் செய்திகளோ நிலைத்து நிற்கும். மறுப்பை மட்டும் வாசிப்பவர்க்கு எது மறுக்கப்பட்டது, எம்மொழியில், எவ்வகைக் குரலில் அது சொல்லப்பட்டது, ஒருவர் அதனை ஏன் நம்பினார் என்பன விளங்கா. தொழிலாளரை அறிவிலிகளாகக் காட்டும் வரலாறே அதன்மீது எழும். மெய்ச்செய்தியை மட்டும் சேமிப்பேன் என்னும் நேர்மையும் இவ்வகையில் ஒரு தணிக்கையாக முடியக்கூடும்.

இங்கும் நிறுவனத்தின் கை கட்டப்பட்டுள்ளது. பகையைத் தூண்டும் காணொலியைப் பொது நூலகம் திறந்து வைத்தல் ஆகாது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் இழப்பு நினைவில் நிற்க, 2005 முதல் ஈழத்து நூல்களையும் நாளிதழ்களையும் மின்வடிவில் திரட்டிவரும் நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளுக்கும் சட்டமும் அறமும் சார்ந்த வரம்புகள் உண்டு. வாட்ஸாப் குழுக்களில் உலவியவற்றை அக்குழுவில் இருந்தவரே காத்திருக்க இயலும். அவ்வாறு காப்பவர் கோப்பின் பெயரிலேயே அது பொய்யெனக் குறித்து, மறுப்பின் படியையும் அதே உறையில் இட்டு, தமக்கு அது வந்த நாளையும் நேரத்தையும் எழுதி, அனுப்பியவரின் பெயரையும் எண்ணையும் மறைத்து வைப்பாராயின், அவ்வுறை மட்டுமே பிற்கால ஆய்வாளர் அந்த மார்ச்சு மாதத்துள் நுழையும் வாயிலாக இருக்கக்கூடும்.